அலமாரியில் இருக்கும் நூல் கணினியில் ஏன் இல்லை? நூலகப் பணியாளரும் நமது ஜமாஅத்துகளும்

2025 ஜூன் 6 அன்று மத்திய அரசு ‘உமீத்’ இணையதளத்தைத் தொடங்கி, வக்ஃப் சொத்துகளின் விவரங்களைப் பதிவேற்ற ஆறு மாத அவகாசம் கொடுத்தபோது நமது ஜமாஅத்துகள் பட்ட பாடு நினைவிருக்கும். அந்தச் சட்டத்தின் நியாயம், அநியாயம் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. இங்கே சொல்ல வருவது வேறு. பீரோவில் பத்திரம் இருந்தும் அதை ஸ்கேன் செய்யவும், எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்று பார்க்கவும் ஆள் இல்லாமல் பல முத்தவல்லிகள் தவித்தார்கள். பத்திரம் இருப்பது ஒன்று, அது இணையத்தில் ஏறுவது வேறொன்று என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

சொத்துப் பத்திரங்களுக்காவது ஒரு கெடு இருந்தது. நமது நூல்களுக்கு யாரும் கெடு விதிக்கவில்லை. அதனால் அவற்றைப் பற்றி நாம் யோசிக்கவும் இல்லை.

ஓர் எழுத்துப் பிழை

சில மாதங்களுக்கு முன் என் மகளின் கல்லூரிப் பாடத்திற்காகச் சீறாப்புராணம் தேடி, செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கிளை நூலகத்திற்குச் சென்றேன். பணியில் இருந்த சகோதரி நான் சொன்னதைக் கேட்டு, ‘சீராப்புராணம்’ என்று கணினியில் தட்டினார். “இல்லை” என்று வந்தது. நபிகளாரின் வாழ்க்கை வரலாற்றைக் குறிக்கும் ‘ஸீரா’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்றாலும், உமறுப் புலவரின் காப்பியம் தமிழில் வல்லின ‘றா’ போட்டே எழுதப்படுகிறது. அதைச் சொன்னேன். மாற்றித் தட்டியதும் நூல் வந்துவிட்டது. எங்களுக்கு நான்கடி தூரத்தில், அலமாரியில் இருந்தது!

அந்தச் சகோதரி சொன்னார்: “இவ்வளவு நாளும் பதிவேட்டில் கையால் எழுதினோம் சார். கம்ப்யூட்டரில் பாதியை நானாகத்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் இந்த மாதிரி விஷயத்தை எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தர மாட்டார்கள்.”

அவர் சொன்னது முழு உண்மை. நூலக மென்பொருள் தட்டிய எழுத்தைத்தான் தேடும், நினைத்ததைத் தேடாது. நமது பெயர்களைப் பாருங்கள். முகமது, முகம்மது, முஹம்மது, முஹம்மத் என ஒரே பெயருக்கு நான்கு எழுத்து. ஷேக், ஷெய்கு, செய்கு, சேகு என்று இன்னொன்று. ஒரே ஆசிரியரின் நூல்கள் நான்கு பெயர்களில் பதிவானால், ஒன்றைத் தேடுபவருக்கு மற்ற மூன்றும் கிடைக்காது. இதற்கு நூலகத் துறையில் வழி இருக்கிறது. ஒரு பெயரை முதன்மையாக வைத்து, மற்ற வடிவங்களை அதனோடு இணைத்துவிட வேண்டும். ஆனால் அந்த நான்கும் ஒருவரே என்று அறிந்தவர்தான் இணைக்க முடியும்.

அரபுத்தமிழ் கிதாபுகளின் நிலை இன்னும் சிக்கலானது. எழுத்து அரபு, மொழி தமிழ். விவரம் தெரியாத ஒருவர் பதிவு செய்தால் மொழி என்ற இடத்தில் ‘அரபு’ என்றோ ‘உருது’ என்றோ போட்டுவிடுவார். அதன்பின் தமிழ் நூல்களைத் தேடும் எவருக்கும் அது அகப்படாது. ஆண்டும் அப்படித்தான். கிதாபின் முகப்பில் 1318 என்று இருந்தால் அது ஹிஜ்ரி, கி.பி. 1900-01. அப்படியே 1318 என்று ஏற்றினால் நூலின் வயது ஆறு நூற்றாண்டு கூடிவிடும்! இதில் கணினியைக் குறை சொல்ல முடியாது. நூலகரையும் குறை சொல்ல முடியாது. இதை அறிந்த நாம் அந்த மேசைப் பக்கம் போகவில்லை.

ஸைத் (ரலி) அவர்கள் கற்ற எழுத்து

மதீனாவில் நபி (ஸல்) அவர்களுக்கு யூதர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. அவற்றை வாசிக்கப் பிறரையே நம்பியிருக்க வேண்டிய நிலை. எனவே இளைஞரான ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் அந்த எழுத்தைக் கற்கும்படி பணித்தார்கள். அரை மாதத்திற்குள் அவர் கற்றுக்கொண்டதாகத் திர்மிதீயில் பதிவாகியுள்ளது. பின்னாளில் குர்ஆனைத் தொகுக்கும் மாபெரும் பொறுப்பு அதே ஸைத் (ரலி) அவர்களிடம்தான் வந்தது.

புதிய கருவி ஒன்று வரும்போது நாம் இரண்டு விதமாக நடந்துகொள்கிறோம். ஒன்று, அது நமக்கு வேண்டாம் என்று ஒதுங்குவோம். அல்லது, யாராவது செய்து கொடுக்கட்டும் என்று இருப்போம். நபிவழி இரண்டுமல்ல. நம்மில் ஒருவர் உட்கார்ந்து கற்க வேண்டும்.

கற்பது கடினமா? 2006இல் அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலன் ப்ளோவர்ஸ் என்பவர் தம் பணியாளர்களுக்காக ‘23 விஷயங்கள்’ என்ற பயிற்சியைத் தொடங்கினார். அப்போது புதிதாக வந்த இணையக் கருவிகளை 23 சிறு பாடங்களாகப் பிரித்து, வேலைக்கு நடுவே அவரவர் வேகத்தில் செய்து பார்க்கச் சொன்னார். முடித்தவர்களுக்கு ஒரு எம்.பி.3 பிளேயர் பரிசு. உலகின் பல நாட்டு நூலகங்கள் அந்த முறையை எடுத்துக்கொண்டன. வாரத்திற்கு ஒன்றிரண்டு, கையால் செய்து பார்ப்பது, தவறினால் வெட்கப்படாமல் மீண்டும் செய்வது: மக்தபில் பிள்ளைகளுக்கு அலிஃப், பா சொல்லித்தரும் அதே முறைதான்.

மென்பொருளுக்குப் பணமும் தேவையில்லை. உலகெங்கும் நூலகங்கள் பயன்படுத்தும் ‘கோஹா’ நியூசிலாந்தில் பிறந்தது. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருள். பெயருக்கேற்ப இலவசம். நமது தேசியத் தகவல் மையம் தரும் ‘இ-கிரந்தாலயா’வும் உண்டு.

நமது பணம், நமது நூலகம்

பொது நூலகம் என்பது அரசாங்கத்தின் காரியம், நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். நூலகவியலின் தந்தை எனப்படும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. அந்தச் சட்டப்படி நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. செங்கல்பட்டில் வீடு வைத்திருப்பவரும் மாமல்லபுரத்தில் கடை வைத்திருப்பவரும் அதைக் கட்டுகிறார்கள். எனவே அந்த நூலகத்தில் நமது நூல்கள் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. சரியாகப் பதிய உதவும் கடமையும் உண்டு.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள நமது கரையில் உப்புக் காற்று காகிதத்தை விட்டுவைப்பதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது பத்திரங்களும் சான்றிதழ்களும் போயின. அவற்றுக்கு நகல் வாங்க அலுவலகங்கள் இருந்தன. பாட்டனாரின் கிதாபுக்கு நகல் தர எந்த அலுவலகம் இருக்கிறது? 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட துயரத்தைக் கண்ட ஈழத் தமிழர்கள், 2005 முதல் ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தைத் தன்னார்வத்தால் கட்டி எழுப்பினார்கள். இலங்கை முஸ்லிம்களின் நூல்களும் இதழ்களும் அதில் உள்ளன. இங்கே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. இழந்தபின் தொடங்கியவர்கள் அவர்கள். நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

முதலாவது, பட்டியல். ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு இளைஞர்களும் ஓர் ஆலிமும் போதும். வீட்டிலிருந்து நூலை வாங்கி வர வேண்டியதில்லை. நூற்பெயர், ஆசிரியர், மொழி, எழுத்து, ஹிஜ்ரி ஆண்டு, அச்சான ஊர், யாரிடம் உள்ளது என ஏழு கட்டங்களில் குறித்துக்கொண்டால் போதும். ஸ்கேன் செய்வது அதற்குப் பிறகு. ஆசிரியர் காலமாகி 60 ஆண்டு கடந்த நூல்களுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. மற்றவற்றுக்கு உரியவரிடம் அனுமதி பெறுவதே அமானிதம்.

இரண்டாவது, படிப்பு. பட்டம் முடித்து வீட்டில் இருக்கும் நமது பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! நூலக அறிவியல் பட்டத்தை இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகத் தொலைநிலையில் படிக்கலாம். அரபு எழுத்து வாசிக்கத் தெரிந்து, கணினியும் தெரிந்த ஒரு நூலகர் எவ்வளவு அரிதானவர் என்பதைப் பெற்றோர் யோசிக்க வேண்டும். மத்ரஸாக்களும் இறுதியாண்டு மாணவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் நூற்பதிவு கற்றுத்தரலாம். பத்தாம் நூற்றாண்டு பக்தாதில் அல்-ஃபிஹ்ரிஸ்த் என்ற மாபெரும் நூற்பட்டியலைத் தொகுத்த இப்னு நதீம் ஒரு புத்தக வியாபாரிதான். இது நமக்குப் புதிய கலை அல்ல.

மூன்றாவது, எச்சரிக்கை. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் பதில் வருகிறது. இல்லாத நூலுக்குப் பெயரும் பக்க எண்ணும் தந்துவிடவும் செய்கிறது. ஹதீஸ் கலை பயின்றவர்கள் முதலில் கேட்பது ‘இதன் ஸனது எங்கே?’ என்றுதான். நூலகரும் அதையே கேட்க வேண்டும்: அந்த நூல் எங்கே, எந்த அலமாரியில்? பதிவு சரியாக இருந்தால்தான் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

அடுத்த வாரம் அந்தக் கிளை நூலகத்திற்கு மீண்டும் போகிறேன், இன்ஷா அல்லாஹ். அந்தச் சகோதரி இஸ்லாமிய நூல்களின் பெயர்களை ஒருமுறை சரிபார்த்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். இரண்டு மாணவர்களையும் அழைத்துச் செல்கிறேன். உங்கள் ஊர் நூலகத்திற்கும் யாராவது போக வேண்டும்.

பயனுள்ள கல்வியை நமக்கும் நமது பிள்ளைகளுக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக!