எழுதியவனே சுமந்து விற்க வேண்டுமா?

எங்கள் வட்டாரத்தில் விசைத்தறி ஓட்டும் தோழர் ஒருவர் இருக்கிறார். இரவு ஷிப்டு முடிந்து வந்து, தூங்க வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து கதை எழுதுகிறவர். ஏழு வருஷங்களில் பதினான்கு கதைகள் எழுதினார். எல்லாம் தறிக்கூடத்துக் கதைகள். முன்பணம் வாங்கிவிட்டு அதைத் தீர்க்க முடியாமல் குடும்பத்தோடு கட்டுண்டு கிடக்கிறவர்களின் கதைகள்.

கையெழுத்துப் பிரதி மூன்று பிரசுரகர்த்தர்களிடம் போயிற்று. ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர், கதைத் தொகுதி விலை போகாது என்றார். மூன்றாமவர், பணம் நீங்கள் கொடுத்தால் எங்கள் பெயரில் போடுகிறோம் என்றார். கொடுக்கிற பணத்தை அச்சகத்துக்கே கொடுப்போமே என்று தோழர் முடிவு செய்தார். மனைவியின் தோடு அடகுக்குப் போயிற்று. 300 பிரதிகள், செலவு 30,000 ரூபாய். புத்தகத்தின் விலை 180 ரூபாய் என்று போட்டார்.

இனி கணக்கைப் பாருங்கள். கடைக்காரர் கமிஷன் நூற்றுக்கு நாற்பது, அதாவது 72 ரூபாய். மீதி 108. அச்சுக்கூலி 100 போனால் எழுதியவனுக்கு எட்டு ரூபாய். ஏழு வருஷ உழைப்புக்கு, பிரதி ஒன்றுக்கு, ஒரு டீக்குக் கூடப் போதாத எட்டு ரூபாய்! அதுவும் கடைக்காரர் கொடுத்தால்தான். ஒரு கடைக்கு ஐம்பது பிரதிகள் கொடுத்தார். ஒன்றரை வருஷமாக, "இன்னும் போகவில்லை" என்பதே பதில். நேரில் போய்ப் பார்த்தால் அலமாரியில் இருந்தவை ஆறு!

சரி, கடையே வேண்டாம், தபாலில் நேராக வாசகருக்கு அனுப்புவோம் என்றால் அங்கே என்ன நடந்தது? புத்தகங்களுக்கென்று சலுகைக் கட்டணத்தில் இருந்த பதிவுத் தபாலை 2024 டிசம்பரில் சந்தடியில்லாமல் நிறுத்திவிட்டார்கள். கூக்குரல் எழுந்த பிறகு, 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்று ஒன்று வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. கட்டணம் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் கல்வி நூல்கள், சமூக, கலாசார, சமய நூல்கள் போகலாமாம். வியாபார நோக்குள்ள பிரசுரங்கள் போகக் கூடாதாம். விசைத்தறித் தொழிலாளி எழுதிய கதைப் புத்தகம் இதில் எந்த வகை? எட்டு ரூபாய் வியாபாரம் வியாபார நோக்கில் சேருமா? தபாலாபீஸ் ஜன்னலில் நின்று இதை வாதாட வேண்டியவனும் அந்த எழுத்தாளனே.

புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று சர்க்கார் பெருமை பேசுகிறது. புத்தகம் காற்றிலா அச்சாகிறது? அச்சுக் காகிதத்தின் மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக ஏறியது. பள்ளி நோட்டுக் காகிதத்துக்கு விலக்கு உண்டு, புத்தகக் காகிதத்துக்கு இல்லை. விற்கிற புத்தகத்துக்கு வரி இல்லாததால், காகிதத்துக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழி கிடையாது. அந்தச் சுமை முழுவதும் புத்தக விலையில் வந்து விழுகிறது.

"ஏன் ஐயா அச்சு, காகிதம் என்று அழுகிறீர்கள்? காலம் மாறிவிட்டது. மின்னூல் போடுங்கள், செலவே இல்லை" என்று நண்பர்கள் புத்தி சொல்கிறார்கள். அதையும் பார்ப்போம். அமேசான் கம்பெனி 2016 கடைசியிலிருந்து தமிழ் மின்னூல்களை ஏற்கிறது. யாருடைய தயவும் வேண்டாம், ஓர் இரவில் புத்தகம் வெளிவந்துவிடும். பிரசுராலயத்தின் படியேற முடியாத பெண்கள், ஒடுக்கப்பட்ட ஜனங்கள், கிராமத்து வாலிபர்கள் எத்தனையோ பேர் அந்த வழியாக வந்திருக்கிறார்கள். இது ஒரு முன்னேற்றம். இதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். நம் நாட்டு விற்பனையில் எழுதியவனுக்கு நூற்றுக்கு எழுபது வேண்டுமானால், அந்த மின்னூலை வேறெங்கும் விற்க மாட்டேன் என்று தொண்ணூறு நாட்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையேல் முப்பத்தைந்துதான். சந்தா கட்டிப் படிக்கிறவர்கள் விஷயத்தில் இன்னும் விசேஷம். 2015லிருந்து அங்கே கூலி பக்கக் கணக்கில். வாசகர் எத்தனை பக்கம் புரட்டினாரோ அத்தனைக்குக் காசு. அந்தக் காசு எவ்வளவு? மாதா மாதம் கம்பெனி ஒரு தொகையை ஒதுக்கும். உலகம் முழுவதும் படிக்கப்பட்ட பக்கங்களுக்கு அதைப் பங்கிடும். அந்த மாதம் முடிந்த பிறகுதான் பக்கத்துக்கு என்ன விலை என்றே எழுதியவனுக்குத் தெரியும்!

நம் தறித் தோழரிடம் இதை விளக்கிச் சொன்னபோது சிரித்தார். "மீட்டருக்கு இவ்வளவு என்றாவது எங்கள் முதலாளி முன்கூட்டிச் சொல்கிறான்" என்றார்.

இதற்கு மேல் விளம்பரம் என்ற வேலை வேறு. தினம் காலையில் முகநூலில் தன் புத்தகத்தைத் தானே புகழ வேண்டும். வெளியீட்டு விழாவுக்கு மண்டப வாடகை, பொன்னாடை, ஒன்பது பேச்சாளர்களுக்கு வண்டிச் செலவு. பேச்சாளர்களில் பாதிப் பேர் அட்டையைத் தாண்டியிருக்க மாட்டார்கள். கூட்டம் முடிந்து பார்த்தால் விற்றவை பதினொன்று, இனாமாகப் போனவை முப்பது. எழுத்தாளன் அடுத்த கதையை எப்போது எழுதுவது?

இனாம் என்றதும் நம்மவர்களைச் சொல்லாமல் விட முடியாது. "நம்ம தோழர்தானே, ஒரு பிரதி கொடுங்க" என்று உரிமையோடு கை நீட்டுகிறவர்களில் நம் கிளைச் செயலாளர்களே அதிகம். உழைப்புக்கு ஏற்ற கூலி என்று மேடையில் முழங்கிவிட்டு இறங்கி வந்து இதைக் கேட்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இது நேற்று முளைத்த துன்பம் அல்ல. 1920இல் பாரதியார் கடையத்திலிருந்து தம் நூல்களை நாற்பது புத்தகங்களாகப் பிரசுரிக்கப் போவதாகவும், ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதிகள் போடுவதாகவும் திட்டம் வகுத்து, கடன் உதவி கேட்டு நண்பர்களுக்குச் சுற்றுக் கடிதம் அனுப்பினார். பணம் சேரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் கண் மூடினார். அவருடைய எழுத்தின் உரிமையை 1949இல் சென்னை சர்க்கார் ஏற்றது. மகாகவிக்கே விற்கும் சாமர்த்தியம் போதவில்லை என்று சொல்வோமா?

பக்கத்திலே கேரளத்தில் வேறொன்று நடந்தது. 1945இல் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதலோடு ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். தாங்களே பிரசுரித்தார்கள், தாங்களே கடை வைத்தார்கள், எழுதியவனுக்கு நூற்றுக்கு முப்பது ராயல்டி கொடுத்தார்கள். அந்தச் சங்கத்துக்கும் பிற்காலத்தில் நெருக்கடிகள் வந்தன. அது சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தனித்தனியே கூவிக்கொண்டிருந்தவர்கள் சேர்ந்து ஒரு கடை போட்டார்கள்.

இங்கே ஆண்டுதோறும் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கிறது. 1977இல் தொடங்கியது. ஒரே ஒரு புத்தகம் வைத்திருக்கிறவன் அங்கே கடை எடுத்து வாடகை கட்ட முடியுமா? பத்து மாவட்டத்து எழுத்தாளர்கள் சேர்ந்தால் முடியும். 1948இன் நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரி நம் எல்லோரிடமும் வசூலாகிறது. அந்தப் பணத்தில் வாங்கும் புத்தகங்களில், தாமே பிரசுரித்துக்கொள்ளும் எழுத்தாளர்களுக்கு ஒரு பங்கை ஒதுக்கு, பில் தொகையைக் குறித்த கெடுவுக்குள் கொடு என்று சேர்ந்து கேட்டால் அதற்கு ஒரு பலம் உண்டு. தபால் சலுகையில் கதையும் கவிதையும் சேரும் என்று தெளிவாக உத்தரவு போடு என்பதும் அந்தக் கோரிக்கையில் இருக்க வேண்டும்.

வருகிற ஞாயிறு மாலை எங்கள் ஊர்ச் சந்தைத் திடலில் பொதுக்கூட்டம். மேடைக்கு இடது பக்கம் ஒரு மேஜை போடுகிறோம். தறித் தோழரின் புத்தகம் இன்னும் 112 பிரதிகள் இருக்கின்றன. விலை 180 ரூபாய். அன்று அவருக்கு இரவு ஷிப்டு. ஆகையால் மேஜையில் நான் உட்காருகிறேன். இனாம் கிடையாது, கிளைச் செயலாளருக்கும்தான்.