ரோடு டெண்டரில் கார்பனுக்கும் ஒரு விலை போடு!

தோழர்களே, உங்க தெருவில் கடைசியா ரோடு போடும்போது வாசப்படி எத்தனை இருந்துச்சு? இப்போ எத்தனை மிச்சம்? மழை பெஞ்சா தண்ணி ரோட்டுல நிக்குதா, வீட்டுக்குள்ள நிக்குதா?

பழைய தார் மேல புதுத் தார், அதுக்கு மேல இன்னொரு தார். யார் ஆண்டாலும் மாறாத சாலைக் கொள்கை இதுதான். பழைய மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவு, மறுக்கவில்லை. ஆனால் அடுத்த கேள்வியை யாரும் கேட்கலையே: சுரண்டி எடுத்த பொருள் எங்கே போகுது?

அது குப்பை இல்லை. ஒரு டன் தார்க் கலவையில் சுமார் 950 கிலோ ஜல்லி, 50 கிலோ தார். ஜல்லி மலையை உடைத்து எடுத்தது. தார் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் மிஞ்சுவது. அந்த எண்ணெயில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. இரண்டையும் 150 டிகிரிக்குப் பக்கமாகச் சூடாக்கிக் கலக்க பிளான்ட்டில் எரிபொருள் எரியணும், சுமக்க லாரிக்கு டீசல் வேணும். இத்தனை புகையும் விட்டு உருவாக்கிய பொருளை அள்ளிக் கொட்டிவிட்டு, மறுபடி ஒரு மலையை உடைக்கப் போகிறோம்!

பழைய கலவையைப் புதியதோடு சேர்த்துப் பயன்படுத்தும் வழிமுறையை இந்திய சாலைகள் காங்கிரஸ் 2015-லேயே வெளியிட்டுவிட்டது. (பெயரைப் பார்த்துக் குழம்பாதீங்க, அது கட்சி இல்லை, சாலைப் பொறியாளர்கள் அமைப்பு.) சுமார் 30 டிகிரி குறைந்த சூட்டில் கலக்கும் ‘வார்ம் மிக்ஸ்’ முறைக்கும் 2014-லேயே வழிகாட்டுதல் வந்தாச்சு. பிளாஸ்டிக் கழிவைச் சேர்த்துத் தாரின் அளவைக் குறைக்கும் முறையைக் கண்டுபிடித்ததே நம்ம மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன்தான். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. விருது கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு டெண்டரில் எழுதத் தெரியலையா?

பூட்டு அங்கேதான் இருக்கு, டெண்டரில். ‘எல் 1’ என்று சொல்வார்கள்: யார் குறைந்த தொகை கேட்டாரோ அவருக்கே வேலை. மறுசுழற்சி எந்திரம் வாங்கி, குறைந்த சூட்டில் கலந்து தருகிறேன் என்று ஒரு காண்ட்ராக்டர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் அன்றைக்கே அவர் அவுட். அப்புறம் எவன் எந்திரம் வாங்குவான்? இந்த விஷயத்தில் காண்ட்ராக்டரைத் திட்டிப் பயனில்லை (திட்ட வேறு காரணங்கள் நிறைய இருக்கு). சாலையை வாங்குவது அரசு. வாங்குகிறவர் கேட்காததை விற்கிறவர் ஏன் தரப்போகிறார்?

“சட்டம் இடம் கொடுக்காது” என்பார்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998, 10-வது பிரிவைப் படிக்கட்டும். டெண்டர் ஆவணத்தில் முன்கூட்டியே குறிப்பிட்ட, அளவிடக்கூடிய காரணிகளுக்கு மதிப்புக் கொடுத்து, அதன்படி எது குறைவோ அதை ஏற்கலாம் என்றுதான் அது சொல்கிறது. கார்பன் அளவிடக்கூடியது. எத்தனை டன் ஜல்லி, எத்தனை டன் தார், எத்தனை லிட்டர் டீசல். கணக்கு எல்லாம் எம்-புக் எழுதும் பொறியாளர் கையிலேயே இருக்கு. தடுப்பது சட்டம் இல்லை, மனசு.

நெதர்லாந்தில் 2009-ல் ரயில் பாதை நிறுவனமான புரோரயில் இதைத் தொடங்கியது. பிறகு நெடுஞ்சாலைத் துறையும் சேர்ந்தது. முறை ரொம்ப எளிது. ஒரு உதாரணக் கணக்கு: ஒருவர் 100 கோடி கேட்கிறார், ஆனால் கார்பனைக் குறைப்பதாக எழுதித் தருகிறார். ஒப்பிடும்போது மட்டும் அவர் தொகையை 95 கோடி என்று வைத்துக்கொள்வார்கள். 97 கோடி கேட்டவரை அவர் ஜெயிக்கிறார். கைக்கு வருவது முழு 100 கோடி. சொன்னபடி செய்யலைன்னா அபராதம்.

3 கோடி கூடுதல் செலவுதானே என்று கேட்பவர்களுக்கு: மலை போனதும், நிலத்தடி நீர் இறங்கியதும், வீட்டுக்குள் தண்ணி வந்து பீரோ நனைந்ததும் யார் கணக்கில் எழுதப்படுது? அது இப்பவும் செலவுதான், பில் உங்க பேருக்கு வருது. சிறு காண்ட்ராக்டர்கள் நசுங்கிவிடுவார்கள் என்ற கவலை நியாயமானது. அதற்குத்தான் பெரிய வேலைகளில் முதலில் தொடங்கு, மாவட்டத்துக்கு ஒரு மறுசுழற்சி பிளான்ட்டை அரசே வைத்து வாடகைக்குக் கொடு என்கிறோம்.

தோழர்கள் இரண்டு வேலை செய்யணும். உங்க ஊரில் கடைசியாக மில்லிங் செய்த சாலையில் எத்தனை டன் எடுத்தார்கள், அது எங்கே போனது, யாருக்கு எவ்வளவுக்கு விற்றார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்க. கிராமத்தில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபையில், பழைய சாலையைச் சுரண்டாமல் புதுச் சாலை வேண்டாம், சுரண்டியதைப் புதுக் கலவையில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வாங்க. வந்த பதிலைப் படம் எடுத்து இந்தப் பதிவின் கீழேயே போடுங்க. பதில் வராத அலுவலகத்தின் பெயரையும் சேர்த்து.

#கார்பனுக்கும்_விலைபோடு
#சுரண்டியது_எங்கே