இது தேவையுள்ள ஆணிங்க!

"தேஞ்சு போச்சா? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு" என்பது ஒரு கோஷ்டி. "இன்னும் ஒரு சீசன் ஓடும், விடு மச்சி" என்பது இன்னொரு கோஷ்டி. பாய்மரப் படகில் இருக்கும் உலோகச் சாமான்கள் விஷயத்தில் ரெண்டு கோஷ்டியும் எனக்கு ஒண்ணுதான். ரெண்டு பேருமே அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காதவர்கள்.

"பி.காம் படிக்கிற உனக்குப் படகு எதுக்குடா?"ன்னு கேக்கறீங்களா? வர்றேன். கணக்குப்பிள்ளைகளும் இந்தக் குற்றத்தில் கூட்டாளிகள்தான் :-)

முதலில் மேட்டர். சென்னையில் பாய்மரப் படகு புதுசு இல்லை. 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் துறைமுகத்துக்குள் இருக்கிறது. நம்ம ஊர் நேத்ரா குமணன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக்கில் படகு ஓட்டினார். படகு ஃபைபர், பாய் துணி. ஆனால் காத்தோட மொத்த விசையும் கடைசியில் போய் நிற்பது விரல் மொத்தம்கூட இல்லாத பின்னிலும் போல்ட்டிலும்தான்.

சுக்கானை எடுத்துக்குங்க. ஊசி மாதிரி ஒரு பின், அது உட்கார ஒரு ஓட்டை. பல வருஷம் ஆடி ஆடி வட்ட ஓட்டை கோழிமுட்டை வடிவத்துக்கு வந்துடும். இடைவெளி விழுந்தால் ஒவ்வொரு அலைக்கும் சுத்தியலால் அடிக்கிற மாதிரி 'டக் டக்'னு அடிக்கும். அடிக்க அடிக்க இன்னும் தேயும். ஆக, "ஒரு சீசன் ஓடும்" என்பது கணக்கே இல்லை. முதல் வருஷம் தேய்ஞ்ச வேகத்தில் மூணாவது வருஷம் தேயாது.

இதுக்கு வைத்தியம்? ஓட்டையைப் பெருசாக்கி வட்டமாக்கணும். உள்ளே ஒரு புஷ் போடணும். கிண்டி எஸ்டேட் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கடைஞ்சு வாங்குகிற வேலை. அதை விட்டுட்டு வெளிநாட்டுச் சாமானுக்கு ஆர்டர் போட்டு, அது கப்பலேறி, கஸ்டம்ஸ் தாண்டி வரும்வரை படகைக் கவுத்துப் போட்டு வைப்பதுக்குப் பேர் பாதுகாப்பா?

"உயிர் விஷயம் தம்பி, ரிப்பேர் எல்லாம் நம்ப முடியாது" என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனா புதுசுன்னா மட்டும் நம்பலாமா? கடையில் 'எஸ்.எஸ்.'னு எழுதியிருந்தால் அது 202-ஆ, 304-ஆ, 316-ஆ? உப்புத் தண்ணிக்குத் தாங்குவது 316, அதில் 2-3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. "காந்தம் ஒட்டலை, நல்ல சாமான்"னு கடைக்காரர் சொல்வார். மூணுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாதுங்க! 316-ஐயே வாங்கினாலும், அதை அலுமினியப் பாய்மரத்தில் நேரடியா முறுக்கினால் உப்புத் தண்ணி நடுவில் புகுந்து பேட்டரி மாதிரி வேலை செய்யும். எஸ்.எஸ். பளபளன்னு இருக்கும், அலுமினியம் வெள்ளைப் பொடியா உதிரும். நடுவில் ஒரு நைலான் வாஷர் வெச்சாலே பாதி பிரச்சினை குறைஞ்சிடும்.

இதுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணலாம்னு நான் சொல்ல வரலை. தேய்மானம் வேற, விரிசல் வேற. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் தகட்டில் முடி அளவு விரிசல் தெரிஞ்சால் வெல்டிங் வைக்காதீங்க, தூக்கிப் போடுங்க. போல்ட் தலையைச் சுத்திப் பழுப்புக் கறை வழிஞ்சால் கழட்டிப் பாருங்க. காத்து படாத இடத்தில் தண்ணி தேங்கினால் எஸ்.எஸ்.ஸும் உள்ளுக்குள் அரிக்கும். பித்தளை மஞ்சள் போய்ச் செம்பு நிறமா மாறினால் அதில் துத்தநாகம் கரைஞ்சு போச்சுன்னு அர்த்தம், கடலுக்கு அது உதவாது. எதைச் சரிபண்ணலாம், எதை எறியணும்னு பிரிச்சுச் சொல்லத் தெரிவதுதான் வித்தை. போட்டிப் படகுக்கு விதிப்படி ஒரிஜினல் சாமான்தான் வேணும், சரி. பயிற்சிப் படகுக்குமா?

இப்ப கணக்குக்கு வருவோம். புஷ் மாத்தின செலவு வருவாய்ச் செலவு. இந்த வருஷ லாபத்தில் நேரா அடிக்கும். புதுப் படகு மூலதனச் செலவு. சொத்துப் பட்டியலில் ஏறி, தேய்மானமாப் பல வருஷத்துக்குப் பரவும். அதனால் புதுசுக்குக் கையெழுத்து சுலபமா விழும், மாலை போட்டு போட்டோவும் எடுக்கலாம். புஷ்ஷுக்கு யாரு மாலை போடுவா? நம்ம பாடப்புத்தகத் தேய்மானம் வருஷத்தைப் பார்த்து ஓடுகிறது. ஓட்டை அதைப் படிக்கிறதில்லை.

நடுக்கடலில் இந்தப் பேச்சே எடுபடாது. ஆறு பெண் கடற்படை அதிகாரிகள் உலகைச் சுற்றிய ஐ.என்.எஸ்.வி. தாரிணி, 2018-ல் திரும்பி வரும் வழியில் ஸ்டியரிங் பழுதாகி மொரிஷியஸில் ஒதுங்கிச் சரிசெய்துகொண்டுதான் கோவா வந்தது. 2022-23 கோல்டன் குளோப் பந்தயத்தில் அபிலாஷ் டோமி, தானாகத் திசை பிடிக்கும் கருவி உடைஞ்சபோது கழிவறைக் கதவை அறுத்து அதுக்கு உறுப்பு செஞ்சார். 2023 ஏப்ரல் 29-ல் இரண்டாவதா வந்து சேர்ந்தார். அவர்கிட்ட போய் "ரிப்பேர் நம்ம ஸ்டேட்டஸுக்குச் சரிவராது"ன்னு சொல்லிப் பாருங்களேன்!

அவ்ளோ தூரம்கூட வேணாம். பெசன்ட் நகர் பீச்சில் சுண்டல் சாப்பிட்டு முடிச்சு அப்படியே ஊரூர் ஆல்காட் குப்பம் பக்கம் நடங்க. மணலில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போட்டுட்டு இருப்பாங்க. அவங்க தாத்தாக்கள் ஓட்டின கட்டுமரம் கயித்தால் கட்டினது, அவுத்துக் காயவெச்சு மறுபடி கட்டுவாங்க. அந்த வார்த்தையை உலகமே 'கேட்டமரான்'னு எடுத்துக்கிட்டது. கட்டினவங்களோட கைப்பழக்கத்தை நாமதான் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் தொலைச்சுட்டோம்.

நான் கேக்கறது ரொம்ப எளிமை. படகு கத்துத் தர்ற இடங்களில் பசங்களுக்கு முடிச்சுப் போடச் சொல்லித் தர்ற மாதிரி, பின்னைக் கழட்டிப் பார்க்கவும் சொல்லிக் குடுங்க. பட்ஜெட்டில் ரிப்பேருக்குன்னு தனி வரி போடுங்க, பணம் பத்தலைன்னா முதலில் அதில் கை வைக்காதீங்க. ஒரு லேத் அண்ணனைக் கூப்பிட்டுப் படகைக் காட்டுங்க. அவர் கடலே பார்க்காதவரா இருக்கலாம், ஆனா ஓட்டை எப்படித் தேஞ்சிருக்குன்னு பார்த்தவுடனே சொல்லுவார்.