ஸபூர் என்றால் "யூதன்ட பாட்டு" மட்டும்தானா?



போன கிழமை தரம் 9 வகுப்பில் வேதங்களைப் பற்றிய பாடம். ஸபூர் தாவூத் (அலை) அவர்களுக்கு அருளப்பட்டது என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தேன். ஒரு பிள்ளை, "சேர், அதில என்ன இருக்கு?" என்று கேட்டது. பின் வாங்கிலிருந்து ஒருவன், "அது யூதன்ட பாட்டுடா" என்றான். வகுப்பே சிரித்தது.

காஸாவைத் தினமும் ஃபோனில் பார்க்கிற பிள்ளைகள். அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் நாம் ஈமான் கொண்ட ஒரு வேதத்தின் பெயருக்குச் சிரிப்பு வந்தது உறுத்தியது. அதைவிட, முதல் பிள்ளையின் கேள்விக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. கொஞ்சம் தேடி வாசித்தேன்.

இன்று கிறிஸ்தவர்களிடமும் யூதர்களிடமும் உள்ள சங்கீதப் புத்தகம்தான் அப்படியே ஸபூர் என்று நாம் ஏற்பதில்லை. அதில் மாற்றமில்லை. அந்தப் புத்தகமே அதைக் காட்டுகிறது: 150 பாடல்களில் 73க்குத்தான் தாவூதின் பெயர் தலைப்பில் இருக்கிறது. மற்றவற்றில் பல, ஆலயத்தில் பாடிய குடும்பங்களின் பெயரில் வருகின்றன. 120 முதல் 134 வரையுள்ளவை பெருநாள்களுக்கு ஜெருசலேம் நோக்கி மலையேறிய யாத்திரிகர்கள் பாடியவையாக இருக்கலாம் என்கிறார்கள். அவற்றில் வருவது விதைப்பு, அறுவடை, பிள்ளைகுட்டி, சகோதர ஒற்றுமை. கமக்காரரின் துஆக்கள் மாதிரித்தான் எனக்குப் பட்டது.

என்னை நிறுத்தி வைத்தது 137ஆவது. தாவூத் (அலை) காலம் ஏறத்தாழ கி.மு. 1000. இந்தப் பாட்டோ அதற்கு நானூறு வருடங்கள் பிந்தியது. கி.மு. 586 அளவில் பாபிலோனிய மன்னன் நெபுகாத்நேச்சார், நம் கிதாபுகளில் வரும் புக்து நஸர், ஜெருசலேமை எரித்து மக்களைப் பிடித்துப் போனான். யூப்ரடீஸிலிருந்து வெட்டிய வாய்க்கால்களின் ஓரத்தில் அவர்களைக் குடியேற்றினார்கள். அவர்கள் அங்கே வயல் செய்ததும் வரி கட்டியதும் களிமண் பலகைகளில் எழுதப்பட்டு இன்றைக்கும் இருக்கிறது. பிடித்துப் போனவர்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடச் சொல்லிக் கேட்க, இவர்கள் யாழை மரத்தில் தொங்கவிட்டு மறுக்கிறார்கள். 1990இல் வடக்கிலிருந்து வந்து புத்தளத்து முகாம்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தப் பாட்டு கண்ணீரோடு முடியவில்லை. எதிரியின் கைக்குழந்தைகள்மீது விழும் ஒரு கொடிய சாபத்தோடு முடிகிறது. அதை மறைக்கவும் கூடாது, நியாயப்படுத்தவும் கூடாது. நாடிழந்தவனின் துக்கம் எங்கே போய் நிற்கும் என்று அதிலேயே தெரிகிறது.

"காஸா எரியும்போது யூதர் வரலாறு எதற்கு?" என்று சிலர் கேட்பீர்கள். இன்று குண்டு போடுபவனையும் 2500 வருடங்களுக்கு முன் வாய்க்கால் ஓரத்தில் அழுதவனையும் ஒருவனாக்குவது இஸ்லாம் கற்றுத் தந்த நீதி அல்ல என்பது என் அபிப்பிராயம். கொமெண்டில் ஏசினாலும் பரவாயில்லை.

வாற கிழமை வகுப்புக்கு உலகப் படம் கொண்டு போகிறேன். பாபிலோன் இருந்த இடம் இன்றைய ஈராக்கில், பக்தாதுக்குத் தெற்கே. பின் வாங்கில் இருப்பவனைத்தான் முன்னால் கூப்பிட்டுத் தொட்டுக் காட்டச் சொல்வேன்.