பூனையின் நீரூற்றில் வழவழப்பா?

கேள்வி: ‘தீவன மூட்டைகளை எலி கடிக்காமல் காக்கும் கடுவன் பூனைக்கு, மகன் சிறிய மின் நீரூற்று வாங்கித் தந்திருக்கிறான். போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது, உள்ளே வழவழப்பாக இருக்கிறது. பினாயில் விட்டுக் கழுவலாமா?’

– வாசகி, படப்பை.

பதில்: பினாயில் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பீனால் வகைப் பொருட்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. தரை துடைத்த பினாயில் காலில் ஒட்டி, அதை நக்கினால்கூட எச்சில் வடிதல், வாந்தி, தள்ளாட்டம் வரலாம். மாட்டுக் கொட்டகையில் பினாயில் தெளிப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

வழவழப்பு என்பது நுண்ணுயிர்கள் தம்மைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் படலம். பூனையின் எச்சிலும் உணவுத் துணுக்கும் அதற்குத் தீனி. தண்ணீர் ஓடுகிறதே, சுத்தமாகத்தானே இருக்கும் என்று நினைக்கக் கூடாது. அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. அலசினால் படலம் போகாது, தேய்க்க வேண்டும்.

வெள்ளைப் படிவு கடின நீரின் சுண்ணாம்பு உப்பு. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பல போர்களில் இந்தத் தண்ணீர்தான். நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். அதன் மேலேயே புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் படிவு ஏறிக்கொண்டே போகும். தினமும் பழைய நீரைக் கொட்டிவிட்டு ஊற்றுங்கள்.

வாரம் ஒருமுறை மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். பலரும் விட்டுவிடுவது மோட்டாரைத்தான். அதன் மூடியைத் திறந்தால் சிறு விசிறி ஒன்று கையோடு வரும். முடியும் வழவழப்பும் அதிகம் சேருவது அங்கேதான். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு போதும். உப்புப் படிவுக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரைமணி நேரம் ஊறவிட்டு, வாடை போக அலசுங்கள். வினிகரோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். கீறல் விழுந்த பிளாஸ்டிக் தொட்டி எவ்வளவு தேய்த்தாலும் சுத்தமாகாது. எவர்சில்வர் தொட்டி நல்லது.

அழுக்குத் தண்ணீரைப் பல பூனைகள் குடிக்காது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டிப்படும். கடுவன் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகல், மணல் போன்ற படிவே அதை அடைத்துவிடும். அடிக்கடி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், உயிர் போகலாம். அன்றே கால்நடை மருத்துவரிடமோ, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு செல்லுங்கள்.

கரண்ட் போனால் நீரூற்று நின்றுவிடும். பக்கத்தில் ஒரு மண்சட்டியிலும் தண்ணீர் வையுங்கள்.