சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு ஆள் படுத்திருக்கிறார்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, டிக்கோயா பக்கம் இருக்கிற எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

எங்கள் வீடு டவுனில், பஜார் வரிசையில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பக்கத்து வீட்டு அண்ணன் பல வருஷம் கட்டாரில் கஷ்டப்பட்டு வந்தவர். சேர்த்த காசில் மேலே சிலப் போட்டு, இரண்டு அறை கட்டி, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். சிவனொளிபாதமலை சீசன் தொடங்கும் நேரம் பார்த்து, மொட்டைமாடியில் ஒரு ஹொட் டப்பும் கொண்டு வந்து வைத்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நாலைந்து பேர் கழுத்தளவு தண்ணீரில் உட்காரக்கூடிய பெரிய தொட்டி. ஹீட்டர் தண்ணீரைச் சூடாக்கும். பம்ப் அதைச் சுற்றவிடும். பக்கத்துத் துளைகளால் தண்ணீர் வேகமாகப் பீறிக்கொண்டு வரும். மலை ஏறி வந்து கால் வலிக்கிறவர்களுக்கு நம்ம ஊர்க் குளிரில் அது சொர்க்கம்தான். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

முதல் இரவு உம்மாதான் கேட்டார். "மகன், வெளிய லொறி ஒண்டு ஸ்டாட்ல நிக்குதா?"

எட்டிப் பார்த்தேன். லொறி இல்லை. ஜன்னலைச் சாத்தினேன், சத்தம் குறையவில்லை. உம்மாவின் கட்டில் அந்த நடுச்சுவரோடு ஒட்டியிருக்கிறது. சுவரில் கையை வைத்தேன். சுவரே நடுங்கிக்கொண்டிருந்தது. மேசையில் இருந்த கிளாஸ் தண்ணீரில் சின்னச் சின்ன வளையம்.

வாய்ச்சத்தம், ரேடியோச் சத்தம் எல்லாம் காற்றில் வருவது. கதவு, ஜன்னலை மூடினால் கொஞ்சமாவது குறையும். இது அப்படியில்லை. பம்ப் சிலப்பை ஆட்டும், சிலப் சுவரை ஆட்டும், சுவர் கட்டிலை ஆட்டும். காதை மூடினாலும் தலையணை வழியாக வரும். உம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, பிரஷர் இருக்கிறது. மூன்று வாரம் அவர் சரியாகத் தூங்கவில்லை. மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற வருஷம். அவளும் அந்த அறையில்தான்.

இனி நான் செய்த பிழையைச் சொல்கிறேன். அந்த மூன்று வாரமும் அண்ணனிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரில் வேறு எல்லோரிடமும் சொன்னேன். ஸ்டாஃப் ரூமில் சொன்னேன், டீக் கடையில் சொன்னேன், பள்ளியில் தொழுகை முடிந்து வரும்போது சொன்னேன். ஒரு நாள் ஒருவர் ஆறுதலாகச் சொன்னார்: "அவங்கட ஆக்கள் அப்பிடித்தான் சேர், நம்மளப் பத்தி யோசிக்க மாட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. என் பிரச்சினை ஒரு பம்ப். அது எப்போது "அவங்கட ஆக்கள்" ஆனது? நான்தான் ஆக்கியிருக்கிறேன். கேட்க வேண்டிய ஆளிடம் கேட்காமல், சம்பந்தமில்லாத பத்துப் பேரிடம் சொன்னதால் ஆனது. இந்த நாட்டில் சின்னச் சின்னப் பக்கத்து வீட்டுச் சண்டைகள் எங்கே போய் முடியலாம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அன்று பின்னேரமே போனேன். "அண்ணே, கோவிச்சுக்கொள்ளாதீங்க, ஒருக்கா எங்க வீட்டுக்கு வாங்க" என்றேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மேலே டப்பை ஓடவிடச் சொல்லிவிட்டு, உம்மாவின் கட்டிலில் அவரைக் கொஞ்சம் சாய்ந்து படுக்கச் சொன்னேன். கூச்சப்பட்டார். உம்மாவும் "படுங்க மகன்" என்று சொன்னதும் படுத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஐயோ சேர், இது எனக்கு மேல கேக்கவே இல்லையே" என்றார்.

உண்மைதான். அவருடைய அறை வீட்டின் மற்றக் கோடியில் இருக்கிறது. அது மட்டுமில்லை. தண்ணீரைச் சுத்தமாக வைக்க அந்தப் பம்ப் தானாகவே சில மணி நேரம் ஓடும்படி செட் பண்ணியிருந்தது. யாரும் குளிக்காத இரவு இரண்டு மணிக்கு அது ஓடுவது அவருக்கே தெரியாது! நான் மூன்று வாரமாக, "வேணுமெண்டே செய்றார்" என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவியும் வந்திருந்தார். போகும்போது என் மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ராத்தா, சொன்னா தப்பா நினைக்காதீங்க. நோன்பு மாசத்துல விடியக்காலம் மூணரைக்கு நீங்க மிக்ஸி போடுறது எங்க தலைமாட்டுலதான் கேக்கும். புண்ணிய மாசம்தானேன்னு நாங்க ஒண்ணும் சொல்றதில்ல."

என் மனைவிக்கு முகம் செத்துவிட்டது. எனக்கும்தான். எத்தனை நோன்பு மாசம் அந்தச் சுவரில் ஒட்டியிருக்கும் சமையல் மேடையில் மிக்ஸியை வைத்து அரைத்திருக்கிறோம்! ஒரு நாளாவது அந்தப் பக்கம் யார் படுக்கிறார்கள் என்று யோசித்தோமா?

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். சத்தம் போடுகிறவருக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை. அதனால் அது தொல்லையா இல்லையா என்று தீர்மானிக்கும் தகுதியும் அவருக்கு இல்லை. கேட்கிறவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். போடுகிறவர் எழுந்து போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும்.

லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, நீளமாக ஒரே தகரக் கூரை. அடுத்த காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். அங்கே விடியக்காலம் கொழுந்துக்குப் போகிறவர் இருப்பார், பச்சைப் பிள்ளை இருக்கும், அதனால் ரேடியோவைக் குறை என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். இப்போது 7 பேர்ச்சஸில் தனி வீடு வருகிறது, டவுனில் மாடி வருகிறது. நல்ல விஷயம். ஆனால் தனி வீடு வந்ததும் அந்தப் பழைய அடக்கம் போய்விட்டது. மெஷின்களும் கூடிவிட்டன. தண்ணி மோட்டர், ஜெனரேட்டர், மாவு மில், கூலர், சப்வூஃபர். லயத்துக் காலத்தில் பக்கத்தில் கேட்டது மனிதச் சத்தம். மெஷின் மனிதனைப் போல் களைத்துப்போய்ப் படுக்காது.

ஒன்றைக் கேட்டால் நம்மவர்கள் சொல்லும் பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"இது என் வீடு." சரி, வீடு உங்களுடையது. நடுங்குகிற சுவரில் பாதி என்னுடையது.

"நாங்க இதை எத்தனையோ வருஷமாச் செய்றோம், நீங்க இப்பதானே வந்தீங்க." இதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. லண்டனில் விக்மோர் வீதியில் ஒரு மிட்டாய்க்காரர் இருபது வருஷத்துக்கு மேலாகத் தன் சமையலறையில் பெரிய உரல்களில் இடித்துக்கொண்டிருந்தார். பின்பக்கத்து டொக்டர் அந்தச் சுவரோடு ஒட்டி நோயாளிகளைப் பார்க்கும் அறை கட்டிய பிறகுதான் சத்தமும் அதிர்வும் பிரச்சினையானது. 1879இல் நீதிமன்றம் டொக்டர் பக்கம்தான் தீர்ப்பளித்தது. பல வருஷமாகச் செய்தேன் என்ற வாதம் எடுபடவில்லை. சட்டம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

"இது சமயக் காரியம், வாய் திறக்காதீங்க." இதற்கான பதில் எங்கள் சமூகத்திலிருந்தே வந்தது என்பதை ஒரு முஸ்லிமாக நான்தான் சொல்ல வேண்டும். வெலிகமையில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அனுமதி சம்பந்தமாக உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கில், 2007இல் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு கொடுத்த கட்டளை இன்று நாட்டுக்கே பொது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. விசேஷ சமய நிகழ்வுகள் போன்றவற்றுக்கு விதிவிலக்குகள். பள்ளி, கோயில், விகாரை, தேவாலயம் எல்லோருக்கும் அதே அளவுகோல். சென்னையில் ஒரு தேவாலயத்தின் வழக்கில் 2000இல் இந்திய உச்ச நீதிமன்றமும், மற்றவர் அமைதியைக் கெடுத்து வழிபடச் சொல்லி எந்த மதமும் சொல்லவில்லை என்ற கருத்தைத்தான் சொன்னது. வெலிகம தீர்ப்பைச் சிலர் இன்னும் நமக்கு எதிரானது என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அண்டை வீட்டார் நம் தொல்லையிலிருந்து தப்பியிருக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஓதிக்கொடுக்கப்பட்டவர்கள் நாம்.

சரி, எங்கள் பம்ப் கதை என்னவானது? டப்பை அகற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அது அவருடைய பிழைப்பு. ஒரு பாஸைக் கூட்டி வந்து மூவரும் மேலே ஏறிப் பார்த்தோம். பம்ப் நேரடியாக சிலப்பில் ஆணி அடித்து இறுக்கியிருந்தது. அதன் பைப் நடுச்சுவரில் கிளிப் போட்டுப் பூட்டியிருந்தது. பம்பைக் கழற்றி அடியில் தடித்த ரப்பர் கட்டைகள் வைத்தார்கள். பம்போடு சேரும் இடத்தில் இறுக்கமான பைப்புக்குப் பதில் வளையும் ஹோஸ் ஒரு துண்டு போட்டார்கள். கிளிப்புகளை மற்றப் பக்கச் சுவருக்கு மாற்றினார்கள். தானாக ஓடுகிற நேரத்தைப் பகல் பத்து மணிக்கு மாற்றினார்கள். இரவு ஒன்பதோடு டப் நிற்கும் என்று பேசிக்கொண்டோம். நாங்கள் மிக்ஸியை மறுபக்க மேசைக்கு மாற்றினோம், அடியில் மடித்த சாக்கு. சஹருக்கு வேண்டியதை இரவே அரைத்து வைக்கிறோம்.

முழுசாகத் தீர்ந்ததா? இல்லை. ஆட்கள் குளிக்கும்போது லேசான உறுமல் இன்னும் வரும். ஒரு நாள் ஒன்பதரை வரை போனது. கதவைத் தட்டினேன், நிறுத்தினார். ஆனால் உம்மா தூங்குகிறார்.

இன்னொன்று. அந்தத் தொட்டியில் ஆயிரத்து ஐந்நூறு லீட்டர் தண்ணீர் பிடிக்கிறது என்றால் தண்ணீர் மட்டும் ஒன்றரைத் தொன். மண்சரிவுக்குப் பேர்போன ஊரில், சாதாரண சிலப்பில் அதை ஏற்றும் முன் விபரம் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து காட்டுங்கள்.

பேசியும் கேட்காத ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக வழிகளையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், சத்தம் எந்த மெஷினிலிருந்து வருகிறது என்று நிச்சயப்படுத்துங்கள். ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்திக் கேளுங்கள். எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஃபோன் ஆப் காட்டும் டெசிபல் ஒரு மட்டுமதிப்புக்குத்தான், அதை நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள்.

தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் வந்த சத்தக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிரதேச சபைப் பகுதிகள் குறைந்த சத்தப் பகுதி. நோர்வூட்டும் அதற்குள்தான். பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் எல்லை. அந்தச் சட்டத்துக்கு இரவு என்றால் மாலை 6 மணியிலிருந்து காலை 6 மணி வரை. ஆஸ்பத்திரி, பாடசாலை, நீதிமன்றம், பொது நூலகம் இவற்றைச் சுற்றி 100 மீற்றர் அமைதி வலயம்.

அடுத்தது மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்தது. சட்டத்தரணி செலவு இல்லை. நம்ம பகுதிப் பெரியவர்களே உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்பார்கள். நாளைக்கும் முகம் பார்க்க வேண்டிய அயலவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஒலிபெருக்கித் தொல்லை என்றால் பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். ஊருக்கே தொல்லை என்றால் நீதவான் நீதிமன்றம், உங்கள் வீட்டுக்கு மட்டும் என்றால் மாவட்ட நீதிமன்றம். அதெல்லாம் கடைசிப் படி. வழக்குப் போட்டு வென்றவர் அதற்குப் பிறகும் அதே சுவருக்குப் பக்கத்தில்தான் படுக்க வேண்டும்.

கடைசியாக மூன்று கேள்விகள், எனக்கும் சேர்த்து.

கெஸ்ட் ஹவுஸ், மில், கடை நடத்துகிறவர்களே, உங்கள் மெஷின் ஓடும்போது பக்கத்து வீட்டு அறையில் ஒரு தடவை போய் நின்று பார்த்திருக்கிறீர்களா?

பள்ளி, கோயில், விகாரை நிர்வாகத்தில் இருப்பவர்களே, பரீட்சைக் காலத்தில் உங்கள் ஒலிபெருக்கி எந்தப் பிள்ளையின் மேசையை நோக்கித் திரும்பியிருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா?

தொல்லையைச் சகித்துக்கொண்டு இருப்பவர்களே, அந்த ஆளிடம் நேரில் சொல்லிவிட்டீர்களா? இல்லை, என்னைப் போல் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறீர்களா?

சொல்லப் போகும்போது சத்தத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். அவர் யார், எந்தப் பக்கத்து ஆள் என்று பேசாதீர்கள். முடிந்தால் வெறுங்கையோடு போகாதீர்கள். நான் போன அன்று என் மனைவி வட்டிலப்பம் கொடுத்து அனுப்பினார். அந்தப் பாத்திரம் பொங்கலன்று சக்கரைப் பொங்கலோடு திரும்பி வந்தது.

வஸ்ஸலாம்.