முதற்பிரதிக்குப் பிறகு மிச்சம் 199

புத்தகம் போட நினைக்கும் நம்ம ஊர் தம்பி, தங்கச்சிமாரே, மண்டபத்துக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்கிய காசில் கொஞ்சத்தை முதலில் ஒப்புநோக்கத் தெரிந்த ஒருவருக்குக் கொடுங்கள். ஐந்து வாழ்த்துரை போட்ட நூலில் பக்கத்துக்குப் பக்கம் ணகர, னகரப் பிழை கிடந்தால் யார் வாசிப்பார்? அச்சுக்குக் கொடுக்க முன் தேசிய நூலகத்தில் ஐஎஸ்பிஎன் எண் எடுங்கள். முதல் நூலுக்கு 500 பிரதி வேண்டாம், 200 போதும். முதற்பிரதியை ஹாஜியார் ஒருவர் என்வலப் கொடுத்து வாங்குவார், அல்ஹம்துலில்லாஹ். மற்ற 199?

"எனக்கொரு கொப்பி இல்லையா?" என்று கேட்கிற நம்மவர்களே, புரியாணிப் பார்சலை மட்டும் காசு கொடுத்துத்தானே வாங்குகிறீர்கள்! புத்தகத்தையும் அப்படியே வாங்குங்கள். அச்சகத்துக் கடனை அந்தப் பிள்ளைதான் மாதாமாதம் கட்டுகிறது.